சிப் பார்த்து வாங்கிய அடாப்டர்

ஏங்க,

யாழினியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு அப்படியே வாலாஜாபாத் போகிறேன், சாயங்காலம்தான் வருவேன். சோறு ஹாட்பாக்ஸில் இருக்கிறது. வயலுக்குப் போகும்போது சாவியை மீட்டர் பெட்டி மேல் வையுங்கள்.

லேப்டாப்பில் வைஃபை செத்துப்போனதற்கு வாங்கிய யூஎஸ்பி அடாப்டர் வேலை செய்கிறது. நேற்று என்ன சொன்னீர்கள்? "இன்னாத்துக்கு இந்த லினக்ஸு? எல்லாரும் வெச்சிக்கினு கீற விண்டோஸப் போடு, பேஜாரு வுட்டுது." இப்போது கேளுங்கள். அடாப்டரெல்லாம் ஒரே பெயர், ஒரே மாதிரி அட்டைப் பெட்டி, உள்ளே சிப் மட்டும் வேறு வேறாக இருக்கும். சில சிப்பை லினக்ஸ் தானே அடையாளம் கண்டுகொள்ளும், சிலதுக்கு டிரைவர் என்ற மென்பொருளைத் தேடி அலைய வேண்டும். அதனால்தான் சிப் என்னவென்று விசாரித்து வாங்கினேன். செருகினேன், அதன் விளக்கு மினுங்கியது. டிரைவரே கேட்கவில்லை.

ஆனால் நான் எதையும் தொடுவதற்குள் நெட் வந்துவிட்டது. யாருடைய வைஃபை என்று பார்த்தேன். சுவருக்கு அந்தப் பக்கம், உங்கள் தம்பி தமிழரசன் வீட்டுடையது. பாகம் பிரிப்பதற்கு முன்னால் இந்த லேப்டாப்பில் போட்டுவைத்த பாஸ்வேர்ட், நம் யாழினி பெயர். பேச்சு நின்று இத்தனை நாளாகியும் அவர் அதை மாற்றவில்லை.

நான் துண்டிக்கவில்லை. நீங்களே பாருங்கள்.

பி.கு: சின்னத் தூக்கில் இருக்கும் கருவாட்டுக் குழம்பு உங்களுக்கு இல்லை. யாருக்கென்று நான் எழுத வேண்டியதில்லை.