ஏணியைப் பிடிக்க நின்றவன்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் அந்த ஊர்க் குளிரும் சண்டை போடாமல் ஒத்துப்போகிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மா நலம், தம்பி முன்னைக்குப் பரவாயில்லை, நான் எப்போதும்போல எல்லார் காலிலும் இடறிக்கொண்டு நலமாக இருக்கிறேன். கையில் போன் இருக்க அப்பா எதற்குக் கடிதாசி எழுதுகிறார் என்று நினைப்பாய். நீதான் ஒரு வருஷமாகப் போனே செய்வதில்லை, மெசேஜ் மட்டும்தானே. அதோடு போனில் பேசினால் நாலாவது வார்த்தையிலேயே எனக்குக் கேலிப் பேச்சு வந்துவிடும், அது உனக்கே தெரியும். பேனாவில் அவ்வளவு சுலபமாக வராது, எட்டாம் வகுப்புக் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தையும் தேடிப் பிடித்து உட்கார வைக்க வேண்டியிருக்கிறது. இதை எழுத எனக்கு அதுதான் வசதி.

தம்பி இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து சமையலறை வாசல்வரை வந்துவிடுகிறான். திரும்பும்போது பாதியில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டு மூச்சு வாங்குவான், அப்போது யாரும் அவனைப் பார்க்கக் கூடாது, பார்த்தால் கோபம் வந்துவிடும். இடுப்பில் வைத்த பிளேட் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் ஏணி ஏறும் வேலையை மறந்துவிடச் சொல்லிவிட்டார் டாக்டர். இருபத்துநாலு வயதுப் பையன். போன டிசம்பரில் எத்தனை கடை வாசலில் ஸ்டார் கட்டினான், இந்த டிசம்பரில் மடியில் சீரியல் செட்டைப் போட்டுக்கொண்டு எந்த பல்பு எரியவில்லை என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துத் தருகிறான். நான் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கும் வேலைகளை மட்டும் எடுக்கிறேன். என் உயரத்துக்கு அது எவ்வளவு வேலை என்று நீயே பார்த்துக்கொள்.

அவனுக்குப் பயிற்சி கொடுக்க வரும் பிசியோதெரபிப் பெண் ஒரு தாள் கொடுத்தாள், பண்டிகை நாட்களில் மனதை லேசாக வைத்துக்கொள்ளப் பத்து வழிகள். அம்மா அதை ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டாள். முதல் வழி, தினமும் காலாற நடந்துவிட்டு வாருங்கள். தம்பி அதைப் படித்துவிட்டுச் சிரித்தான், அந்தச் சிரிப்பை நீ கேட்காமல் இருந்ததே நல்லது. நாலாவது வழி, முடியாத வேலையை முடியாது என்று சொல்லுங்கள். சரி என்று தண்ணீர்த் தொட்டி கழுவ முடியாது என்று சொல்லிப் பார்த்தேன், அது உங்களுக்கு எழுதினது இல்லை எனக்கு எழுதினது என்று அம்மா சொல்லிவிட்டாள், கழுவினேன். ஏழாவது வழிதான் தொண்டையில் சிக்கிக்கொண்டது. மனதில் அழுத்துவதை நெருங்கியவர்களிடம் சொல்லிவிடுங்கள். தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் அது கண்ணில் படும், கதவைத் திறக்காமலேயே திரும்பி வந்திருக்கிறேன்.

இந்த நிலையில்தான் உன் மெசேஜ் வந்தது, கிறிஸ்துமஸுக்கு இரண்டு ஷிஃப்ட் கேட்டு வாங்கியிருக்கிறாய், பேச நேரம் இருக்காது என்று. அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "தன்னாலதான் தம்பி விழுந்தான்னு நினைச்சுக்கிட்டிருக்கா, அதான் அவன் முகத்தைப் பார்க்க மாட்டேங்குறா" என்றாள். அவள் கை நிற்கவே இல்லை. 

மகளே, அன்றைக்கு நான் ஏணியை விட்டது உன் போன் வந்ததால் இல்லை. அந்தத் துணிக்கடை முதலாளி எப்படி நடப்பார் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன், வயிறு முதலில் வரும், ஆள் பின்னால் வருவார், இரண்டு கையும் முதுகில் கட்டியிருக்கும். தம்பி மேலே ஏறி ஸ்டார் கட்டிக்கொண்டிருந்தான், அவர் உள்ளே போனார். வாசலில் நின்ற விற்பனைப் பெண்கள் இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்கள், காலையிலிருந்து அவரிடம் வசவு வாங்கியிருந்தார்கள். சிரிக்க வைக்கலாம் என்று நினைத்தேன். ஏணியை விட்டு இரண்டு கையையும் முதுகில் கட்டிக்கொண்டு வயிற்றைத் தள்ளி நாலு எட்டு நடந்து காட்டினேன். அவர்கள் சிரித்தார்கள். நான் திரும்புவதற்குள் ஏணி வழுக்கிவிட்டது. வாசல் தரை அப்போதுதான் கழுவிய தரை, அதற்காகத்தான் என்னைப் பிடிக்கச் சொன்னான் அவன். அந்தப் பெண்களில் ஒருத்தி ஆம்புலன்ஸைக் கூப்பிட்ட பிறகுதான் என் பையில் போன் அடித்தது. எதை அழுத்தினேன் என்றே தெரியாது, நீ கேட்டது அந்தக் கூச்சலைத்தான். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது நாலு பத்துக்கு, ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருக்கிறது. உன் போன் வந்தது நாலு பதினேழுக்கு, என் போனில் இன்னும் இருக்கிறது, நான் அழிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் என்ன ஆச்சு என்று அம்மா கேட்டபோது, "போன் வந்துச்சு, எடுத்தேன்" என்று சொல்லிவிட்டேன். கூத்தடித்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அது யாருடைய போன் என்று அந்த நிமிஷம் நான் யோசிக்கவே இல்லை. யோசித்த பிறகும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன், அதற்கு ஒரு வருஷம் ஆகிறது. உன் தலையில் ஏற்றியதை உன் அம்மா இறக்கிவிடுவாள், காலம் இறக்கிவிடும் என்று இருந்துவிட்டேன்.

உன் மெசேஜ் வந்த அன்று சாயங்காலமே அம்மாவிடமும் தம்பியிடமும் சொல்லிவிட்டேன். அம்மா எழுந்து போய் ஃபிரிட்ஜில் இருந்த தாளைக் கிழித்துப் போட்டாள், அதோடு சரி, இன்றுவரை அதைப்பற்றி ஒரு வார்த்தை இல்லை, சாப்பாடு மட்டும் நேரத்துக்கு வருகிறது. தம்பி மடியில் இருந்த சீரியல் செட்டைக் கீழே வைத்தான். பிறகு, "எப்படி நடந்தீங்க, நடந்து காட்டுங்க" என்றான். வேண்டாம்டா என்றேன். காட்டுங்க என்றான். காட்டினேன். கட்டிலிலிருந்து கதவுவரை, கையை முதுகில் கட்டிக்கொண்டு, வயிற்றைத் தள்ளி. கடைசிவரை பார்த்தான். இதற்கு முன்னால் நான் செய்து காட்டிய எதற்கும் யாரும் சிரிக்காமல் இருந்ததில்லை. முடிந்ததும், "முதல்ல அக்காகிட்ட சொல்லுங்க, அப்புறம் என்கிட்ட பேசுங்க" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். ஒன்பது நாள் ஆகிறது. வேண்டியதை அம்மாவிடம் சொல்லி அனுப்புகிறான்.

உனக்கு நான் மனதை லேசாக வைத்துக்கொள்ள வழி சொல்கிற ஆளா, இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன், இரண்டு ஷிஃப்டில் ஒன்றை வேறு யாருக்காவது கொடுத்துவிடு. தின்னாமல் கொள்ளாமல் வேலை பார்க்காதே, குளிருக்குக் காதை மூடிக்கொள். கிறிஸ்துமஸ் அன்று ஆராதனை முடிந்ததும் அம்மா தம்பியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பதினோரு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவாள். நான் ஒரு மணிவரை சர்ச்சிலேயே நாற்காலி அடுக்க ஒத்துக்கொண்டிருக்கிறேன். என் போனை அவன் கட்டிலில் வைத்துவிட்டுப் போவேன். அவனிடம் பேசு. என்னை எப்படித் திட்டினாலும் திட்டட்டும், அப்பா பாவம் என்று நடுவில் சொல்லிவிடாதே. நீயும் திட்டு. ஆண்டவர் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும், என் ஆயுசில் மிச்சம் இருக்கும் நல்லதெல்லாம் உங்கள் இரண்டு பேருக்கும் போய்ச் சேரட்டும். உன் நேரத்துக்கும் எங்கள் நேரத்துக்கும் கணக்குப் பார்த்துக் கூப்பிடு, பதினோரு மணியிலிருந்து ஒரு மணிவரை, மறந்துவிடாதே. நான் இருக்க மாட்டேன்.

இப்படிக்கு,
ஏணியை விட்ட உன் அப்பா