ஆளுக்கொரு கல்

இண்டிபெண்டன்ஸ், மிசௌரி
மே 2, 1991

அன்புள்ள வெர்னாவுக்கு,

மூன்று நாள் தீர ஆலோசித்த பின், நேற்று மாலை ஆறரை மணிக்கு, பயணத்துக்கு ஒரு கரண்டி போதும் என்று முடிவு செய்தேன். இரண்டாவது கரண்டி கழுவித் துடைத்து இந்த விடுதி அறை அலமாரியில் வைக்கப்பட்டது. ஒரேகன் பாதைச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் இதை உனக்குத் தெரிவிக்கிறேன்.

நாளை கிளம்புகிறேன். அந்தக் காலத்தில் ஒரேகனுக்கு மாட்டுவண்டியில் போனவர்களின் வழி, அவர்களின் வேகம்: நாளுக்குப் பதினைந்து மைல், ஞாயிறு ஓய்வு. என் லாரியில் அது இருபது நிமிடம். மீதி நேரம் முகாம்.

விவாகரத்துப் பத்திரம் கிடைத்தது. இரண்டாம் பக்கத்தில் நம் கல்யாணம் நடந்த மாவட்டம் தவறு. திருத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துப் போடவில்லை. ஆகஸ்டில் போய்சி வழியாகத்தான் வருவேன். உன்னைப் பார்க்கலாமா?

என்றும் உன்,
ஆல்டன்


போய்சி, ஐடஹோ
மே 21

அன்புள்ள ஆல்டனுக்கு,

இருபது வருஷத் தொழிலில் விவாகரத்துப் பத்திரத்தைப் பிழை திருத்தி அனுப்பியவர் நீங்கள் ஒருவர்தான் என்கிறார் வக்கீல். எனக்கு ஆச்சரியமில்லை. என் அம்மாவின் அடக்கத்தன்று பாதிரியாரை நிறுத்தி, அவள் பிறந்த வருஷத்தைத் திருத்தினீர்கள். முப்பத்தொரு வருஷத்தில் நான் தொடங்கிய கதை ஒன்றையாவது நானே முடித்ததுண்டா? நான் வீட்டை விட்டு வந்தது அதற்காகத்தான். வேறு குறை உங்களிடம் இல்லை.

இங்கே வர வேண்டாம். "அந்த ஆளு படியேறட்டும், இரும்புச் சட்டியாலயே ஆரத்தி எடுக்கறேன்" என்கிறாள் என் தங்கை ரோடா.

வயோமிங்கில், வண்டிகள் ஒரேகனுக்கும் கலிபோர்னியாவுக்கும் வழி பிரிந்த இடத்துக்கு வாருங்கள். ஜூலை 14, நண்பகல். புதுப் பத்திரத்தோடு வருகிறேன். ஒரு மதியப் பொழுது முழுக்க யாரையும் எதையும் திருத்தாமல் இருந்தால் அதைக் கிழித்துப் போடுகிறேன். ஒரு திருத்தம் வந்தாலும் அங்கேயே கையெழுத்து.

மழையில் நனையாதீர்கள்.

வெர்னா


கெரிங், நெப்ராஸ்கா
ஜூன் 12

அன்புள்ள வெர்னாவுக்கு,

சம்மதம்.

இன்று நம் ஊருக்கு, நம் வீட்டுக்கே வந்து சேர்ந்தேன். கணக்குப்படி இன்றைய முகாம் நம் வாசல் புல்வெளி. கூடாரம் அடித்துப் படுத்தேன். சாவி சட்டைப்பையில்தான் இருந்தது.

மரமில்லாச் சமவெளியில் அந்தக் கால வண்டிக்காரர்கள் காட்டெருமைச் சாணம் பொறுக்கி அடுப்பெரித்தார்கள். நான் ஒரு பண்ணையில் கேட்டேன். "சாணியா? வேணுங்கற மட்டும் அள்ளிக்கிட்டுப் போங்க. ஏங்க, பொண்டாட்டி அடுப்பைத் தூக்கிட்டுப் போயிட்டாளா?" என்றார் பண்ணைக்காரர். ஒரு கோணி நிறைய அள்ளிக்கொண்டேன். காலையில் வண்டியில் தொங்கவிட்ட பால், குலுங்கிய குலுங்கலில் மாலைக்குள் வெண்ணெயாகும் என்று நாட்குறிப்புகள் சொல்கின்றன. நானும் தொங்கவிட்டேன். சாலை நன்றாகப் போட்டிருப்பதால் பால் கெட்டுத்தான் போனது.

பயிற்சியும் எடுத்து வருகிறேன். பாதையில் செத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அம்பு பாய்ந்து செத்தார்கள் என்று ஒருவர் தம் பிள்ளைகளுக்குச் சொன்னார். பேதியில் செத்தார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். 'பே' என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அவர் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

உன்,
ஆல்டன்


கெம்மரர், வயோமிங்
ஜூலை 14, மாலை

ஆல்டன்,

நீங்கள் வரவில்லை.

நெடுஞ்சாலை ஓரக் கல்தான் வழி பிரிந்த இடம் என்று இருபது வருஷம் சாதித்தவள் நான். அங்கேதான் சாண்ட்விச் தின்போம். "அது பொய்க்கல், உண்மையான இடம் மேற்கே பல மைல்" என்று வருஷா வருஷம் சொன்னவர் நீங்கள். இன்றைக்கு ஒரு நாளாவது நீங்கள் சொன்னதைக் கேட்போம் என்று நெடுஞ்சாலையை விட்டு மண்தடத்தில் இறங்கினேன். உங்கள் பாலை என் காரில் தொங்கவிட்டிருந்தால் வெண்ணெய் திரண்டிருக்கும். சைலன்சர் கழன்று விழுந்தது. பன்னிரண்டிலிருந்து நான்கு மணி வரை உங்கள் உண்மையான கல்லின் பக்கத்தில், மான்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பத்திரத்தில் நான் மட்டும் கையெழுத்திட்டு, இந்த ஊர்த் தபாலில் வக்கீலுக்கு அனுப்பிவிட்டேன்.

வெர்னா


ஃபார்சன், வயோமிங்
ஜூலை 14, மாலை

அன்புள்ள வெர்னாவுக்கு,

பொழுது சாயும்வரை காத்திருந்தேன். உன்னைக் குறை சொல்லவில்லை.

நெடுஞ்சாலைக் கல்லில்தான் நின்றேன். நீ அதைத்தான் இடம் என்பாய். மேற்கே போய் நின்றிருந்தால் அதுவே ஒரு திருத்தம்.

இரண்டு மணிக்கு ஒஹாயோ குடும்பம் ஒன்று வந்தது. கணவர் கேட்டார்:

"சார், வண்டிங்க பிரிஞ்சு போன எடம் இதுதானா?"

"இதுதாங்க" என்றேன்.

"அப்ப இந்தத் தடம் அவங்க போனதா?"

அது பின்னாளில் தபால் வண்டி ஓடிய தடம். "ஆமாங்க."

"பாத்தியா? நான் சொன்னா நம்ப மாட்டியே!" என்று மனைவி அவர் முதுகில் ஒன்று வைத்தாள். பிள்ளைகளைத் தடத்தில் நிறுத்தினார்கள். கேமராவை என்னிடம் தந்தார்கள். நான்தான் படம் எடுத்தேன்.

நீ பார்த்திருக்க வேண்டும்.

உன்,
ஆல்டன்


போய்சி
ஜூலை 19

அன்புள்ள ஆல்டனுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ரோடா கேட்காமலே எடுத்துப் படித்தாள். "இந்த ஆளா பொய் சொன்னாரு? அதுவும் கேமராவைப் புடிச்சுக்கிட்டு?" என்று உட்கார்ந்துவிட்டாள். சட்டி அடுப்பில்தான் இருக்கிறது, பயப்பட வேண்டாம்.

வக்கீல் அலுவலகத்துக்கு ஓடினேன். பத்திரம் புதன்கிழமையே பதிவாகிவிட்டதாம். திரும்பப் பெற ஒரு படிவம் உண்டு. அதில் உங்கள் கையெழுத்தும் வேண்டுமாம். இணைத்திருக்கிறேன். காரணம் எழுத ஒரே ஒரு வரிதான் இடம் விட்டிருந்தார்கள். 'இருவரும் தவறான இடத்தில் காத்திருந்தோம்' என்று எழுதியிருக்கிறேன். விவரங்களில் பிழை இருந்தால் மறுதரப்பு வலது ஓரத்தில் குறிக்கலாம் என்று அச்சடித்திருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்,
வெர்னா


மான்ட்பீலியர், ஐடஹோ
ஜூலை 27

அன்புள்ள வெர்னாவுக்கு,

படிவம் கிடைத்தது. குறித்திருந்த மூன்று இடங்களிலும் கையெழுத்திட்டு, இத்துடன் அனுப்பியிருக்கிறேன். வலது ஓரம் காலியாக உள்ளது.

ஆல்டன்