மலர் கொண்டுவந்த லென்ஸ் இல்லாத பெட்டி

10.11.2014, திங்கள்
காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. கேஸ் புக் பண்ண வேண்டும்.

லேபில் ரத்தம் எடுப்பது மட்டும்தான் இப்போது என் வேலை. சர்க்கரை என் கண்ணில் இறங்கிய பிறகு மைக்ராஸ்கோப் மேஜை புதிதாகச் சேர்ந்த சுகன்யாவுக்கு. நல்ல பெண். நான் அந்தப் பக்கம் போனால் எழுந்து நிற்கிறாள். அதுதான் கஷ்டம்.

மதியம் மலர் போன். விழுப்புரத்தில் என்னோடு லேப் டெக்னீஷியன் படித்தவள். மேலே மேலே படித்து, இப்போது சென்னையில் ஆராய்ச்சி. “வியாழக்கிழமை திண்டிவனம் வர்றேன்டி குமாரி. உங்க டாக்டர்கிட்ட பேசிட்டேன். ரத்த செல்லைப் பாக்கற பொட்டி ஒண்ணு எடுத்துக்கினு வர்றேன். அதுல லென்சே கிடையாது!”

கண் விஷயம் சொல்லவில்லை.

11, செவ்வாய்
மழை. கூட்டம் இல்லை. மலர் ஞாபகமாகவே.

1993, விழுப்புரம். இரண்டு பேருக்கு ஒரு மைக்ராஸ்கோப். அவளுக்கு ஒரு கண்ணை மட்டும் மூட வராது, கையால் பொத்திக்கொள்வாள். முதலில் பார்த்தது என் ரத்தம்தான். இளஞ்சிவப்பு வட்டங்கள், எத்தனை! “எனக்கு உடுடி, எனக்கு உடுடி” என்று இடித்துக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அவித்த மல்லாட்டைக் கடலை, இருவருக்கும் ஒரே பொட்டலம். அப்படி ஒரு சிரிப்பு இப்போது வருவதில்லை.

13, வியாழன்
மலர் வந்தாள். தலை பாதி நரை. சாயம் பூசவில்லை. அதே குரல்.

பெட்டி டிபன் பாக்ஸ் அளவு. மேலே குட்டி விளக்கு. கீழே கேமராவுக்குள் இருக்கும் சில்லு. அதன் மேலேயே ரத்தம் தடவிய கண்ணாடி ஸ்லைடை வைத்துவிடுகிறாள். செல்லின் நிழல் சில்லில் விழுகிறது, சுற்றிலும் வளையம் வளையமாக. அந்த வளையங்களைக் கணக்குப் போட்டு லேப்டாப் செல்லின் உருவத்தை மீட்டெடுக்கிறது.

“மைக்ராஸ்கோப்புல ஒரு தபாக்குத் துளி எடம்தான் தெரியும். இதுல பெரிய எடம் மொத்தமும் ஒரே படம். நீ பாத்து சொல்லு.”

அப்போதுதான் சொன்னேன். “கண்ணு போச்சுடி எனக்கு.”

மலர் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். பெரிதாக்கினாள். “இன்னும் பெருசாவா? இன்னும்?” ஒரு செல் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வந்தது. நடுவில் வெளிறிய வட்டம். தெரிந்தது.

“யாரு ரத்தம்டி?” என்று கேட்டேன்.

“என்னுதுதான்.”

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சுகன்யா டீ வாங்கப் போவதாகச் சொல்லி வெளியே போய்விட்டாள்.

14, வெள்ளி
வெயில். மரக்காணம் பக்கத்துக் குப்பத்திலிருந்து அஞ்சலை என்ற பெண், கணவர் ஆறுமுகத்தை ஆட்டோவில் கூட்டிவந்தாள். மங்களூரில் படகு வேலைக்குப் போய்த் திரும்பியவர். விட்டு விட்டுக் காய்ச்சல்.

“ரெண்டு எடத்துல ரத்தம் பாத்து ஒண்ணுமில்லன்னுட்டாங்கக்கா. குளுரு வந்தா கட்டிலே ஆடுது.”

மைக்ராஸ்கோப்பில் சுகன்யாவுக்கும் ஒன்றும் படவில்லை. அதே ஸ்லைடைப் பெட்டியில் வைத்தோம். படத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினேன். ஓரத்தில் ஒரு செல்லுக்குள் மோதிரம் மாதிரி ஏதோ. தூசியா? என் கண்ணா? சொல்லவே பயம்.

“இங்க பாருடி.”

“சந்தேகமாத்தான் இருக்குது. எனக்கும் சொல்லத் தெரியல” என்றாள் மலர்.

சுகன்யா ஸ்லைடைத் திரும்ப மைக்ராஸ்கோப்பில் வைத்து அந்த இடத்தைத் தேடி, இன்னும் தெளிவாகத் தெரிய எண்ணெய் விட்டு, குனிந்தவள் நிமிரவே இல்லை. அஞ்சலை எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா! இருக்குது. மலேரியா மோதிரந்தான். பக்கத்துலயும் ஒண்ணு!”

டாக்டர் உடனே மாத்திரை ஆரம்பித்தார்.

15, சனி
மலரை பஸ் ஏற்றிவிட்டேன். பெட்டி இன்னும் சோதனையில்தான், அவளோடு போய்விட்டது. “படம் அனுப்பினா பாத்து சொல்றியாடி?” என்றாள் ஜன்னல் வழியாக. தலையாட்டினேன். பஸ் நகர, “அனுப்புடி!” என்று கத்தினேன்.

வீட்டில் ரசம் மட்டும்.

17, திங்கள்
மறுபடி தூறல். அஞ்சலை போன். குரலே வேறு.

“காய்ச்சல் உட்டுடுச்சுக்கா. எழுந்து ஒக்காந்துகினு, கொழம்புல உப்பு இல்லன்னு சண்ட போட்டுக்கினு கெடக்கறாரு!”