மலையிலிருந்து ஒரு பிடி அரிசி

ஜூலை 2, செவ்வாய்

ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுத் தாள்கள் பாதிகூடத் திருத்தவில்லை. மழை. லிங்கராஜபுரம் மேம்பாலத்தடியில் பஸ் நின்றது நின்றபடி. ஆனாலும் சிரித்துக்கொண்டேதான் நனைந்து வீடு வந்து சேர்ந்தேன். "என்னடி, மூஞ்சில இப்படி ஒரு வெளிச்சம்?" என்றாள் அம்மா. கொயரில் அடிக்குரலில் பாஸ் பாட ஆள் கிடைத்துவிட்டதே, அந்தச் சந்தோஷம் என்றேன். பொய் இல்லை. பாதி உண்மை.

பாஸ் பாட ஆளில்லாமல் எங்கள் கொயர் மாஸ்டர் பட்ட பாடு கொஞ்சமல்ல. கொயர் மாஸ்டர் என்றால் வேறு யார், அப்பாதான். போன ஞாயிறு காக்ஸ் டவுனில் எங்கள் சபையில் ஆராதனை முடிந்ததும் ஒருவன் வந்து நின்றான். பெயர் ஸோசங்கா, சங்கா என்றால் போதுமாம். பிசியோதெரபிஸ்ட். மிசோரம்காரன். அப்பா ஊரைக் கேட்கவில்லை. "பாஸ் வருமா?" என்று மட்டும் கேட்டார்.

வந்தது. அடிவயிற்றிலிருந்து வந்தது. எனக்கு முதுகுத்தண்டு சிலிர்த்தது.

ஜூலை 6, சனி

சால்ஃபா சுரக்குறிப்பு வாசிக்கிறான்! அப்பா போர்டில் டோ-ரே-மீ எழுத்துகளை எழுதி முடிப்பதற்குள் அவன் பாடிவிட்டான். பாளையங்கோட்டையில் படித்த நாளிலிருந்து, சால்ஃபா தெரிந்தவன்தான் அப்பாவுக்கு மனிதன். அப்படியே மயங்கிவிட்டார்.

"எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். எங்கள் மலையில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும், வேல்ஸ் தேசத்து மிஷனரிகள் சொல்லிக்கொடுத்தது என்றான் இங்கிலீஷில். அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்தவரும் கப்பலில் வந்த ஒரு மிஷனரிதான். ஆக நாங்கள் ஒரே பள்ளிக்கூடமா? நல்ல ஜோடிப் பொருத்தம் என்று எழுதப்போனேன். எழுதியே விட்டேன்.

ஜூலை 13, சனி

இவனுக்குத் தெரிந்த தமிழெல்லாம் ஞானப்பாட்டுத் தமிழ். வரிகளை இங்கிலீஷ் எழுத்தில் போனில் வைத்துக்கொண்டு பாடுகிறானா, அதிலிருந்தே பேசவும் கற்றுக்கொண்டிருக்கிறான். பிராக்டிஸ் முடிந்து டீக்கடைக்குப் போனோம். கடைக்காரரிடம் வெகு மரியாதையாக, "ஐயா, டீ தாரும்" என்றான்.

கடைக்காரர் கன்னடக்காரர், கொடுத்துவிட்டார். நான்தான் மூக்கில் டீ ஏறி அரைமணி நேரம் இருமினேன். "டீனா, கலங்காதிரும்" என்றான். செத்தேன்.

ஜூலை 18

ஒன்றும் நடக்கவில்லை. சும்மாவே சிரிப்பு வருகிறது.

ஜூலை 22, திங்கள்

ஸ்டாஃப் ரூமில் உஷா பிடித்துவிட்டாள். கணக்கு டீச்சர்கள் எல்லாவற்றையும் கூட்டிப் பார்ப்பார்கள் போலிருக்கிறது. "ஏனம்மா சமாச்சாரா?" என்று கன்னடத்தில் விஷயத்தைக் கேட்டாள். "அக்பருக்கு அப்பா யாருன்னு பசங்க கேட்டா, சங்கான்னு சொல்லிடப் போற." முப்பத்திரண்டு வயதில் எனக்கு இதெல்லாம் தேவையா?

தேவை. ரொம்பத் தேவை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

மதியம் மிசோக்காரர்கள் கூடும் ஆராதனைக்கு அழைத்துப் போனான். ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி. நடுவில் ஒரு மேளம். அதை ஒருவர் நிதானமாக அடிக்க, எல்லோரும் நான்கு குரலில் எழுந்து பாடினார்கள். நான் அழுதேன், ஏன் என்று தெரியாமலே.

வரும் வழியெல்லாம் கதை சொன்னான். அவன் பாட்டனுக்குப் பாட்டன் காலத்தில் அந்த மலையில் ஈட்டியும் தலைவெட்டும் உண்டாம். மறைக்கவே இல்லை. இரண்டு வெள்ளைக்காரர்கள் வந்து அவர்கள் பேச்சுக்கு எழுத்து செய்துகொடுத்தார்களாம். மேளத்தை மட்டும் கோயிலுக்குள் விடவில்லையாம், அது பழைய குடிக்கூத்துச் சாமானாம். ஆனால் எழுப்புதல் என்ற பக்தி அலை வந்து ஜனங்களுக்கு நெஞ்சு நிரம்பியபோது சும்மா நின்று பாட முடியவில்லை. மேளம் தானாக உள்ளே வந்துவிட்டது. அப்புறம் யாராலும் வெளியே தள்ள முடியவில்லை.

இன்னொன்றும் சொன்னான். ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் அவன் அம்மா ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைப்பாளாம். வீட்டுக்கு வீடு அப்படித்தானாம். அது சபைக்குப் போகும், சபை அதை விற்று மிஷனரி ஊழியத்துக்கு அனுப்பும். இன்று மலையில் கிட்டத்தட்ட எல்லோரும் கிறிஸ்தவர்கள்.

எம்.ஏ. வரலாறு படித்தேன். இதில் ஒரு வரி யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதைவிடப் பெரிய செய்தி: ரோடு தாண்டும்போது கையைப் பிடித்தான். தாண்டிய பிறகும் விடவில்லை.

ஆகஸ்ட் 31, சனி

மிஷனரி ஞாயிறு வருகிறது. அப்பா வழக்கம்போல் நாடகம் போடுகிறார், 'இருண்ட மலை'. வழக்கம்போல் நான்தான் மைக்கில் கதை சொல்ல வேண்டும். சங்கா அன்று கொயரில் பாடுகிறான். "எங்க டிராமாவப் பாரு, சண்டே ஸ்கூல் பசங்க செம காமெடி பண்ணுவாங்க" என்று நானே சொல்லி வைத்தேன். பச்சைச் சேலை கட்டலாமா, நீலமா?

செப்டம்பர் 8, ஞாயிறு

நீலம்தான் கட்டினேன். கட்டாமலே இருந்திருக்கலாம். போகாமலே இருந்திருக்கலாம்.

பசங்க முகத்தில் கரி. தலையில் கோழி இறகு. இடுப்பில் மாவிலை. அட்டை ஈட்டியோடு பானையைச் சுற்றி ஊ ஊ என்று குதித்தார்கள். பானைக்குள் மிஷனரி. சபையே சிரித்தது. வருஷா வருஷம் நானும் சிரித்ததுதான். இன்று சிரிக்கப் போனேன், பாஸ் வரிசையில் அவன் முகம் தெரிந்தது.

அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. கடைசி ஜெபக் குறிப்பை அப்பா எப்போதும் அன்று காலையில்தான் எழுதித் தருவார். முன்கூட்டிப் படித்துப் பார்க்கிற புத்தி எனக்கு எங்கே இருந்தது? சேலைக் கொசுவத்தில் இருந்தது. மைக்கில் வாசித்துக்கொண்டே போகிறேன்: "இன்றும் நாகாலாந்து, மிசோரம் போன்ற மலைகளில் இயேசுவின் நாமம் அறியாமல் இருளில் கிடக்கும்..."

என் வாயால். அவனுக்கு அவ்வளவு தமிழ் புரியாது. ஆனால் மிசோரம் என்பது எந்தப் பாஷையிலும் மிசோரம்தானே.

அடுத்த பாட்டில் அவன் ஒரு சுரம் தப்பாமல் பாடினான். பாடி முடித்து, பைலை மூடி வைத்துவிட்டுப் போய்விட்டான்.

செப்டம்பர் 9

ஐயோ. ஐயோ. மெசேஜ் பார்த்துட்டான், பதில் இல்ல. நான் என்ன டீச்சர்? நான் என்ன மனுஷி? போன மாசம்தானே எல்லாத்தையும் உட்கார்ந்து கேட்டேன், அழுதேன், கையப் பிடிச்சேன்?

செப்டம்பர் 11, புதன்

டீக்கடைக்கு வந்தான். "டீ தாரும்" என்று சொல்லவில்லை. விரலைக் காட்டி இரண்டு வாங்கினான்.

ஈட்டி பற்றிக் கோபமில்லையாம். அது எங்கள் முன்னோர் செய்ததுதான், எங்கள் சபையிலேயே சொல்வோம் என்றான். "மாவிலைதான் புரியல. அவ்வளவு குளிர்ல யாரு மாவிலை கட்டுவாங்க?" என்று இங்கிலீஷில் கேட்டான். நான் சிரிக்கலாமா என்று பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை. உஷாவின் வீட்டுப் பக்கத்தில்தான் அவன் ரூம், நான் வாசித்ததன் வீடியோவைக் காட்டி அவளிடம் அர்த்தம் கேட்டானாம். 'இன்றும்' என்ற சொல்தான் குத்தியதாம். "எங்க அம்மா கையளவு அரிசி எடுத்து எடுத்து வெச்சது உங்களுக்காக. சமவெளி ஜனங்களுக்காக. இந்த ஊருக்கும் ஆள் அனுப்பியிருக்கோம். நீங்க எங்களுக்காக ஜெபிக்கிறீங்க. கடவுள் யார் தபாலை யாருக்குக் கொடுப்பார்?"

அப்பாவிடம் நீ இதைச் சொல்லும்வரை கொயருக்கு வரமாட்டேன் என்றான். நம்மைப் பற்றியும் சேர்த்தா என்று கேட்டேன். "சேர்த்துத்தான்" என்றான். அப்போதுதான் உதடு லேசாகச் சிரித்தது. போதும். எனக்கு அது போதும்.

செப்டம்பர் 14, சனி

பாஸ் இல்லாத பிராக்டிஸ். அப்பா வாசலைப் பார்த்துப் பார்த்துப் பாடவைத்தார். ராத்திரி சாப்பாட்டில், "உன் பிரெண்டு எங்கம்மா?" என்றார்.

"அப்பா, சங்கா மிசோரம்."

"அந்தப் பக்கம்தான்னு நெனச்சேன். யார் மூலமா இரட்சிக்கப்பட்டானாம்?"

"அங்க எல்லாரும் கிறிஸ்தவங்கதான்ப்பா. அவன் பாட்டன் காலத்துலேர்ந்து."

"எல்லாருமா?"

"ஏறக்குறைய எல்லாரும்."

அப்பா சோற்றில் கை வைத்தபடியே இருந்தார். அம்மா என்னைப் பார்த்து, "அது கெடக்கட்டும். நீ ஏன்டி அழற?" என்றாள். சொன்னேன். நாடகத்தைச் சொன்னேன், கல்யாண ஆசையையும் சொன்னேன், ஒரே மூச்சில்.

"நீ கொஞ்சம் சும்மா இரு, பியாட்ரிஸ்!" என்றார் அப்பா, அம்மா அதற்குமேல் வாயே திறக்காதபோது. "கல்யாணத்த அப்புறம் பேசலாம். அந்தப் பையன் முன்னாடியா நான் பானை வெச்சேன்?"

செப்டம்பர் 15, ஞாயிறு

எழுதக் கை ஓடவில்லை, அவ்வளவு சந்தோஷம். வரிசையாகச் சொல்கிறேன்.

ஆராதனை முடிந்ததும் அப்பா ஸ்கூட்டரை எடுத்தார், பின்னால் உட்கார் என்றார். சங்கா கதவைத் திறந்தான். வெலவெலத்துப் போய், "ஐயா, உள்ளே வாரும்" என்றான். அப்பாவின் மீசை ஆடியது. மன்னிப்பு என்ற சொல் அப்பா வாயில் வராது, எனக்குத் தெரியும். சால்ஃபா தாளை நீட்டி, "இந்த எடத்துல நீ இல்லாம பாட்டு நிக்கல தம்பி. நான் தெரியாம எழுதிட்டேன். பெரிய தப்பு" என்றார். வந்தேவிட்டது!

அந்த நேரம் பார்த்து அவன் அம்மாவின் வீடியோ கால். அப்பாவைக் காட்டினான். அந்த அம்மா கைகூப்பி, கரிசனமாக என்னவோ கேட்டாள். சங்கா மென்று முழுங்கி மொழிபெயர்த்தான்: "இந்தப் பெரியவர் இன்னும் இயேசுவை ஏத்துக்கலையா, ஜெபிக்கட்டுமான்னு கேக்கறாங்க."

"ஏத்துக்கலையாவா? என் தாத்தாவே சபையில உபதேசியார்!" என்று அப்பா எகிறினார். எகிறினவர் அப்படியே நின்றார். என்னைப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வர, கட்டிலைப் பிடித்துக்கொண்டு. அந்தப் பக்கம் மலையில் அந்த அம்மாவும் எதற்கென்று தெரியாமலே சிரித்தாள். "ஜெபிக்கச் சொல்லு தம்பி, தேவைதான்" என்றார் அப்பா.

நான் பறக்கிறேன். கீழே வர உத்தேசம் இல்லை.

அக்டோபர் 19, சனி

சங்கா சொன்ன கதையை வைத்து அடுத்த வருஷ நாடகத்தை என்னை எழுதச் சொல்லிவிட்டார் அப்பா. ஒரே நிபந்தனையாம்: "மேளம் நான்தான் அடிப்பேன்."

டிசம்பர் 3, செவ்வாய்

காலையில் அம்மாவுக்கு முழங்கால் வலி. அப்பா அரிசி களைந்தார். களையும் முன் ஒரு பிடி எடுத்து, காலியான காபித்தூள் டப்பாவில் போட்டு மூடி, பிரிட்ஜின் மேல் வைத்தார்.

"யாருக்குப்பா?"

"யாருக்கோ. ஞாயித்துக்கிழமை சபைல கொடுத்துடலாம்" என்றார், திரும்பாமல். "நாளைக்குச் சம்பந்தியம்மா வந்து கேட்டா, நாங்களும் வெக்கறோம்னு சொல்லணும்ல."