தரையில் சிந்திய காப்பிக்கொட்டை

பிரேமன் நகரம், நவம்பர் 9

அன்பு மகள் வீப்கேவுக்கு அப்பா எழுதுவது. உன் அம்மாவின் இருமலைத் தவிர இங்கே இருவரும் சுகம். டொராண்டோவில் நீயும் பிள்ளைகளும் குளிருக்குத் தப்பிச் சுகமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்கிறோம்.

நாலு நாளாக ஆற்றின் மேல் மூடுபனி. அக்கரை தெரியவில்லை, அங்கே காப்பி வறுக்கும் வாசனை மட்டும் வருகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்தால் இது எந்த வருஷம் என்பதே மறந்துபோகிறது. "என்னங்க, மறுபடியும் கிடங்குக்கு வேலைக்குக் கிளம்பிட்டீங்களா?" என்று உன் அம்மா கேலி செய்கிறாள். நினைப்பில் போய்விட்டுத்தான் வந்தேன். அனுப்பியது உன் கடிதம். உன் பேக்கரியில் மிஞ்சிய ரொட்டியை வீட்டுக்குக் கொண்டுபோன ஆளை வெள்ளிக்கிழமை நீக்கிக் கையெழுத்துப் போட வேண்டும், திருட்டு திருட்டுதானே அப்பா என்று எழுதியிருந்தாய்.

என் தாத்தா காலத்தில் வேலைக்காரர்களுக்கு ஒரு புத்தகம் உண்டு. எதற்காக அனுப்பினேன் என்று எஜமான் அதில் ஒரு வரி எழுதிவிட்டால் அடுத்த வீட்டுக் கதவு திறக்காது. என் காலத்தில் புத்தகம் போய், முதலாளிகள் ஒருவருக்கொருவர் சொல்லிவிடத் தொலைபேசி வந்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். நான் வேலை பார்த்த துறைமுகக் கிடங்கில் மூட்டையிலிருந்து சிந்தும் காப்பிக்கொட்டை பெருக்குகிறவர்களுக்கே என்பது வெகுநாள் வழக்கம். புதிதாக வந்த முதலாளி அதைத் திருட்டு என்றார். மறு வாரமே வாசலில் பைகளைத் திறக்கச் சொன்னார்கள். ஹார்ம் டீட்யென் என்பவன் பையில் இரண்டு கைப்பிடி கொட்டை இருந்தது. மேஸ்திரி நான், நீக்கல் தாளில் காரணத்தை எழுதியது என் கை. பிறகு துறைமுகத்தில் ஒரு கிடங்கும் அவனைச் சேர்க்கவில்லை. அவன் மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். போன மாதம் அவனைப் படகில் பார்த்தேன், பனிக்குள்ளிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "என்ன மேஸ்திரி, காப்பியெல்லாம் இன்னும் ருசியா இருக்கா?" என்று சிரித்தான். அவனுக்குக் கோபமே இல்லை.

இத்தனை வருஷம் உன்னிடம் சொல்லாதது ஒன்று உண்டு. அன்று என் பையிலும் கொட்டை இருந்தது. மேஸ்திரியின் பையை யாரும் திறக்கவில்லை. ஹார்முக்கு அது தெரியும், நாங்கள் சேர்ந்துதான் அள்ளினோம். வேறு யார் எடுத்தது என்று விசாரணையில் மூன்று முறை கேட்டார்கள், அவன் வாயைத் திறக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் குடித்தது அந்தக் காப்பிதான். நீயும் அடம்பிடித்து உன் பாலில் ஒரு கரண்டி விட்டுக்கொண்டாய்.

கழுத்துக்குக் கம்பளி சுற்றாமல் வெளியே போகாதே. கடவுள் உங்கள் எல்லோரையும் நன்றாக வைத்திருக்கட்டும். வெள்ளிக்கிழமை பேனாவை எடுப்பதற்கு முன்னால் உன் பையை ஒருமுறை திறந்து பார், கண்ணு.

இப்படிக்கு,
உன் அப்பா ஐலர்ட்