இருபத்தெட்டு வயதினருக்குக் கரடிக்குட்டிப் புத்தகம் சிபாரிசு செய்தவர் மீது மனு

அனுப்புநர்:
எ. ஜெயபுஷ்பம், க/பெ. எபனேசர்,
சர்ச் தெரு, கருங்காலிமேடு,
மாதனூர் வழி, ஆம்பூர் வட்டம்.

பெறுநர்:
மாவட்ட நூலக அலுவலர் அவர்கள்,
திருப்பத்தூர் மாவட்டம்.

பொருள்: எங்கள் ஊர் வாசகர் வட்டத் தலைவர் திரு. ஆதிகேசவன் என் புத்தகப் பட்டியலைத் தம் பெயரில் அச்சிட்டது – நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. குழந்தைகள் ஷூ தயாரிக்கும் கம்பெனியில் பதினோரு ஆண்டுகளாகப் பேக்கிங் பிரிவில் வேலை செய்கிறேன். கம்பெனி பஸ் ஏறும்போது என் பையில் சாப்பாட்டு டப்பாவோடு நான்கைந்து நூலகப் புத்தகங்களும் இருக்கும். உடன் வரும் பெண்கள் பிள்ளைக்கு, மாமனாருக்கு என்று கேட்டு வாங்கிப் போவார்கள். எந்தப் பிள்ளை எந்தப் பக்கத்தில் சிரித்தது என்பதுகூட மறுநாள் எனக்குத் தெரிந்துவிடும்.

2. இந்த அனுபவத்தை வைத்துச் சிறுவர்களுக்கு 32, முதியவர்களுக்கு 19 எனப் பிடித்த புத்தகங்களை ஒரு நோட்டில் எழுதினேன். சிறுவர் புத்தகம் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் எண் போட்டேன். அது வயது அல்ல, ஷூ சைஸ். வயதைக் கேட்டால், பள்ளியில் சேர்ப்பதற்காகக் கூட்டிச் சொன்ன வயதைத்தான் பெற்றோர் சொல்வார்கள். கால் பொய் சொல்லாது. 28 என்றால் ஐந்து வயதுப் பிள்ளை, 31 என்றால் ஏழு வயது. எங்கள் பஸ்ஸில் இதற்கு யாரும் விளக்கம் கேட்டதில்லை.

3. நூலகச் சுவரில் ஒட்டலாம் என்று ஜனவரியில் நோட்டின் நகலைத் திரு. ஆதிகேசவனிடம் கொடுத்தேன். ஏப்ரலில் நடந்த புத்தக விழாவில் அதுவே அவர் பெயரோடும் அட்டையில் அவர் படத்தோடும் சிறுநூலாக வெளிவந்தது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்ற கதைதான். மேடைக்கே போய்க் கேட்டேன். மைக்கை அணைக்காமலே அவர் சொன்னது இது: "ஷூ பெட்டி அடுக்குற பொம்பளைக்கு புக்கப் பத்தி இன்னாம்மா தெரியும்? போய் வேலையப் பாரு." கூட்டம் சிரித்தது. என் மகளும் அங்கே இருந்தாள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை, மறக்கப்போவதும் இல்லை.

4. வீட்டுக்கு வந்து அந்தச் சிறுநூலைப் பிரித்ததும் என் மனம் குளிர்ந்தது. அதில் உள்ளபடியே தருகிறேன்: "28 வயதினருக்கு: கரடிக்குட்டி பல் தேய்க்கப் பழகும் படப் புத்தகம். 31 வயதினருக்கு: வழி தவறிய வாத்துக்குஞ்சின் கதை." ஈயடிச்சான் காப்பி, ஐயா. ஒரு புத்தகத்தையாவது புரட்டியவர் இப்படி அச்சிடுவாரா? முதியோர் பட்டியலில் மட்டும் அவர் கைவரிசை உண்டு. ஓய்வு பெற்ற ஆஸ்பத்திரி ஊழியர் தேவானந்தம் ஐயா மூன்று முறை கேட்டு வாங்கிப் படித்த கடல் பயணக் கதையை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் தம் சுயசரிதையைச் சேர்த்திருக்கிறார்.

5. நூலகத்துக்குப் புதிதாக வந்த உதவியாளர் இந்தச் சிறுநூலைப் பார்த்தே புத்தகம் கொடுக்கிறார். போன வாரம் எங்கள் பஸ்ஸில் வரும் சங்கீதாவின் ஐந்து வயது மகள் கரடிப் புத்தகம் கேட்டதற்கு, அது பெரியவர்களுக்கானது என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். பிள்ளை வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள். மற்றதெல்லாம் எனக்குக் கோபம்; இது ஒன்றுதான் வலி.

6. ஆகவே, குழந்தைகளுக்குத் தடையின்றிப் புத்தகம் கிடைக்க முதலில் உத்தரவிட வேண்டுகிறேன். அடுத்து, அதே மண்டபத்தில் அதே கூட்டத்தைக் கூட்டி, இருபத்தெட்டு வயதானவர் கரடிக்குட்டியிடம் பல் தேய்க்கக் கற்க வேண்டிய அவசியம் என்ன என்று திரு. ஆதிகேசவன் அவர்களை மைக்கில் விளக்கச் செய்ய வேண்டும். அவர் விழித்து முடித்த பிறகு என் நோட்டைக் காட்டி, பட்டியலை என் பெயரில் அச்சிட வேண்டும். அவரை மன்னிப்புக் கேட்கச் சொல்ல வேண்டாம். கேட்டுவிட்டால் சர்ச்சுக்குப் போகிறவளான நான் மன்னிக்க வேண்டிவரும். எனக்கு அதில் விருப்பமில்லை.

விசாரணைக்கு எந்த நாளில் அழைத்தாலும் சம்பளமில்லா விடுப்பு எடுத்தாவது வருவேன்.

இடம்: கருங்காலிமேடு
நாள்: 16.06.2025

தங்கள் உண்மையுள்ள,
எ. ஜெயபுஷ்பம்

இணைப்பு:
1. என் நோட்டின் நகல்.
2. திரு. ஆதிகேசவனின் சிறுநூல்.
3. எங்கள் பஸ்ஸில் வரும் இருபத்தெட்டு வயதுப் பெண்கள் நால்வர், தங்களுக்குப் பல் தேய்க்க ஏற்கெனவே தெரியும் என்று கையெழுத்திட்டுக் கொடுத்த கடிதம்.