கார் நிற்கிற வரைக்கும்

பெர்ச் ஏரி,
ஞாயிறு மாலை.

அன்பு மகள் பிரிட்டாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, உன் தங்கை கரின், நான் மூன்று பேரும் உயிரோடு சுகமாக இருக்கிறோம், நீயும் லாஸ் ஏஞ்சல்ஸில் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். உயிரோடு என்று சும்மா எழுதவில்லை. நேற்று உன் அப்பா போனில் உன்னிடம் ‘கரின் ஏரியில கொஞ்சம் நனைஞ்சிட்டா, இப்ப பரவாயில்ல’ என்று சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அந்த மனிதர் வீடு பற்றி எரிந்தாலும் இன்னிக்குக் கொஞ்சம் புழுக்கமா இருக்கு என்பார், உனக்குத் தெரியாததா. இதை நாளைக் காலையே விரைவுத் தபாலில் போடுகிறேன், நடந்ததை நான் சொல்கிறேன், நீ உட்கார்ந்து படி, பாதியில் போனை எடுத்து என்னைக் கூப்பிடாதே. போனில் நாம் பேசினால் சண்டையில்தான் முடியும் என்றுதானே நாடகத்தைப் பற்றி எதுவானாலும் எழுதியே அனுப்பும்மா என்றாய். இதுவும் நாடகத்தைப் பற்றியதுதான்.

வழக்கப்படி விமர்சனம் முதலில், காபி ஆறிப்போனால் கதை நல்லது, கோப்பை காலியானால் மோசம் என்கிற நம் பழைய கணக்குதான். வியாழக்கிழமை நீ டிவிக்கு எழுதுகிற ‘நீல அலைவரிசை’யைப் பார்க்கக் காபியோடு உட்கார்ந்தேன். போன வாரம் வந்த பாகத்தில் பள்ளிக்கூடக் கூரைமேல் வெளிச்சம் இறங்கியதும் பிள்ளைகள் எல்லாம் சிலையாக நின்றதும் எனக்கு ஒட்டவே இல்லை, கோப்பை காலியாகிவிட்டது, இரண்டாவதும் ஊற்றிக்கொண்டேன். இந்த வாரம் அப்படி இல்லை. வெரா பனி உறைந்த ஏரியைப் பார்த்தபடி நிற்கிறாள், நடுவில் பழைய கார் நிற்கிறது, பாட்டரி கழற்றிய அந்தக் காரின் ரேடியோவில் காணாமல் போன அவள் அண்ணன் லூக்கஸின் குரல், ‘வா வெரா, இங்கதான் இருக்கேன்’ என்று. நான் சோபா நுனிக்கு வந்துவிட்டேன். அந்தப் பெண் நன்றாக நடிக்கிறாள், அழும்போது மூக்கு சிவக்கிறது, அது முக்கியம். குறை சொல்லாவிட்டால் நான் உன் அம்மா இல்லையே, அதையும் சொல்லிவிடுகிறேன். வெராவின் அம்மாவை ஏன் எப்போது பார்த்தாலும் கையில் துண்டோடு பாத்திரம் துடைக்க வைத்திருக்கிறாய், அவளுக்கு வேறு வேலை கிடையாதா, அது நீதானா என்று பக்கத்து வீட்டு டோரிஸ் என்னிடம் நேராகவே கேட்டுவிட்டாள். மார்ச் மாதக் கடைசியில் அந்தப் பெண் துணிக் காலணியோடு ஏரிக்குப் போகிறாள், எந்தத் தாய் அப்படி அனுப்புவாள். எல்லாம் போகட்டும். காரைப் பார்த்துக்கொண்டே அவள் சொல்கிறாளே, ‘கார் நிக்குதில்ல, அது நிக்கிற வரைக்கும் ஐஸ் என்னையும் தாங்கும்’ என்று, அந்த இடத்தில் கரின் என் பக்கம் திரும்பி, ‘அம்மா, நம்ம ஊரு பேச்சு’ என்று சிரித்தாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமைதான் பிறகு வினையாயிற்று.

நம் ஊர்ப் பேச்சுதான், இல்லை என்று சொல்லவில்லை. பெட்ரோல் பங்கில் காலையில் காபி வாங்க வருகிற ஒவ்வொருவனும் கேட்பது கார் நிக்குதா, கடைக்காரி சொல்வது நிக்குது, உடனே தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குப் போய்விடுவார்கள். இந்த வருடமும் உன் அப்பாவின் தீயணைப்புக் குழு ஜனவரியில் எஞ்சினைக் கழற்றி எண்ணெயை வடித்து ஒரு பச்சைக் காரை நடு ஏரியில் மரப்பலகை மேல் ஏற்றி வைத்து, மூழ்கியதும் இழுத்தெடுக்கக் கரையில் நிற்கிற பைன் மரத்திலிருந்து அதற்குச் சங்கிலி கட்டி, எந்த நாள் எந்த மணிக்கு மூழ்கும் என்று பந்தயச் சீட்டு விற்றார்கள். ஊரே வாங்கியது. நம் எல்லோருடைய தப்பும் ஒன்றுதான் பிரிட்டா, ஐஸைப் பார்ப்பதற்குப் பதில் காரைப் பார்க்கிறோம். கார் எஞ்சின் இல்லாத வெறும் கூடு, பலகையின் நிழலில் அதன் அடியில் மட்டும் ஐஸ் கெட்டியாக மேடுபோல் நிற்கும், சுற்றிலும் கரையோரமும் அதற்கு முன்பே நொய்ந்து போயிருக்கும். உன் ஆட்கள் படம் எடுத்தது நடுக் குளிர்காலத்தில், அங்கே லாரியே ஓட்டியிருக்கலாம். அதை மார்ச் கடைசியில் போட்டால் பார்க்கிற பிள்ளைக்கு என்ன தெரியும்.

நேற்று சனிக்கிழமை மெல்வின் பெரியவரின் அடக்கம் முடிந்து சர்ச் கீழ்த்தளத்தில் சாப்பாடு. நான் காபி ஊற்றிக்கொண்டிருந்தேன், கடைசியாக எனக்கும் ஒரு கோப்பை ஊற்றி வைத்தேன். அப்போது தீயணைப்புக் குழுவில் அப்பாவோடு இருக்கிற ஓர்வில் படியிறங்கி வந்து, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, ‘மார்லிஸ், கோட்டைப் போட்டுக்கிட்டு என்கூடக் கொஞ்சம் வர்றியா’ என்றான். நம் ஊர் ஆண்கள் மெதுவாகப் பேசினால்தான் பயப்பட வேண்டும். கோப்பையை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினேன். வண்டியில் ஏறிய பிறகுதான் சொன்னான், கரினும் அவளுடைய கூட்டாளிகள் பெய்ஜும் ஹேடனும் விடியற்காலையில் ஏரிக் காருக்குப் போயிருக்கிறார்கள் என்று. இரவுப் பனியில் ஐஸின் மேல்தோல் இறுகிக் கிடந்திருக்கிறது, சிரித்துக்கொண்டே நடந்து போய்விட்டார்கள். காருக்குள் உட்கார்ந்து படம் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள், வெயில் ஏறியிருக்கிறது, தெற்குக் காற்று எழுந்திருக்கிறது, திரும்பிப் பார்த்தால் கரைக்கும் ஐஸுக்கும் நடுவில் கறுப்பாகத் தண்ணீர். ஆழம் தெரியாமல் காலை விட்ட கதை.

நான் போய்ச் சேரும்போது பாதி ஊர் கரையில் நின்றது. தூரத்தில் பச்சைக் கார், கதவு நான்கும் திறந்து கிடக்கிறது, மேலே மூன்று தலை. உன் அப்பாதான் ஒலிபெருக்கியில், ‘உள்ள உட்காராதீங்க, கூரை மேல ஏறிப் படுங்க, யாரும் எந்திரிக்காதீங்க’ என்று சொல்லியிருக்கிறார். அவர் தண்ணீரில் மிதக்க வைக்கிற அந்த மஞ்சள் உடுப்பை மாட்டி இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார், என்னைப் பார்த்துவிட்டு முடிச்சை இறுக்கினார். அந்த உடுப்பே சீட்டு விற்று வாங்கியதுதான். யாரோ பின்னால் இன்று எவன் சீட்டு என்று முணுமுணுத்தான், நான் திரும்பிப் பார்த்தேன். ஓர்வில் சீட்டாம், இன்று கார் மூழ்கினால் பணம் அவனுக்கு. அந்த மனிதன் சட்டைப்பையிலிருந்து அதை எடுத்துக் கிழித்தான், போட இடம் இல்லாமல் வாயில் போட்டு மென்றுகொண்டே போய் அப்பாவின் கயிற்றைப் பிடித்தான். அவனைக் கஞ்சன் என்று இத்தனை வருடம் நான் பேசியதெல்லாம் வாபஸ்.

அப்பா தட்டைப் படகைத் தள்ளிக்கொண்டு வயிற்றால் ஊர்ந்து போனார். நாணல் ஓரத்தில் ஐஸ் உடைந்து தோள் வரைக்கும் உள்ளே போனார், படகைப் பிடித்து ஏறினார், திரும்பவும் போனார். அவருக்கு வயது என்ன, முட்டி வலிக்குது என்று படி ஏறாத மனிதர். காருக்குப் பக்கத்தில் போனதும் படகில் பெய்ஜை ஏற்றினார், பிறகு ஹேடனை ஏற்றினார், கயிற்றை இழுக்கச் சொல்லிக் கையைத் தூக்கினார். படகு அவ்வளவுதான் தாங்கும். நம் பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டு ஊரான் பிள்ளை இரண்டையும் கொண்டு வருகிறார் பிரிட்டா. எனக்கு அந்த நிமிடம் அவரைக் கொன்று போடத் தோன்றியது, பொய் சொல்லவில்லை. பெய்ஜின் அம்மா என் கையைப் பிடிக்க வந்தாள், நான் உதறிவிட்டேன். கரின் தனியாகக் கூரையில் படுத்திருக்க வேண்டியவள் என்ன செய்தாள் தெரியுமா, மெதுவாக இறங்கிக் காருக்குள் போனாள். அப்பா கரையிலிருந்து கத்துகிறார், ‘வெளிய வாடி, வெளிய வா’ என்று. அவர் கத்தி நான் கேட்டதே இல்லை.

இரண்டாவது தடவை படகு பாதி வழி போகும்போது பலகை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பெரிய சத்தம்கூட இல்லை, கதவு ஒன்று தானாகச் சாத்திக்கொண்டது, அவ்வளவுதான். கரின் மறுபக்கக் கதவு வழியாகக் குதித்தாள், குதித்த இடத்தில் ஐஸ் இல்லை. தலை தெரிந்தது, பிறகு தெரியவில்லை. நான் தண்ணீருக்குள் இறங்கியிருக்கிறேன், எனக்கே தெரியாது, டோரிஸும் பாதிரியாரும் கோட்டைப் பிடித்து இழுத்தார்களாம். பிறகு அந்தச் சங்கிலியில் ஒரு கை தெரிந்தது. பைன் மரத்திலிருந்து போகிறதே, அந்தச் சங்கிலி. அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள் என் மகள், அப்பா போய் அவள் கோட்டுத் தொப்பியைப் பிடித்துப் பூனைக்குட்டியைத் தூக்குகிற மாதிரி தூக்கிப் படகில் போட்டார். பூட்ஸ் இரண்டும் ஏரியோடு போயிற்று. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று ஊர் சொல்கிறது.

ஆம்புலன்ஸில் போர்வைக்குள் அவள் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. ஏண்டி திரும்பக் காருக்குள்ள போன என்று கேட்டேன், கோபத்தில் கேட்டேனா அழுகையில் கேட்டேனா தெரியவில்லை. ‘அவங்க இருந்தப்ப வெக்கமா இருந்துச்சும்மா, தனியா ரேடியோவப் போட்டுப் பாக்கணும்னு போனேன்’ என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ‘ஒண்ணும் வரல’ என்றாள். பிறகு சொன்னாள். ‘லூக்கஸ் போயி மூணு வருஷம், அக்கா போயி மூணு வருஷம். நம்ம ஏரி, நம்ம காரு, வா இங்கதான் இருக்கேன்னு சொல்றான். அக்கா எனக்காகத்தான் எழுதியிருக்கான்னு நெனச்சேன்.’ அவளுக்குப் பதினாறு வயது, ரேடியோ தானாகப் பேசாது என்று தெரியாத குழந்தை இல்லை. தெரிந்தும் போய்ப் பார்த்திருக்கிறாள்.

ஊரில் உன்னைத்தான் திட்டுகிறார்கள், அது உன் காதுக்கு வரும். அந்த நாடகத்தால்தான் என்று பங்கில் பேசினார்களாம், நான் விடவில்லை. ‘அந்த வசனத்த அவ எங்க கத்துக்கிட்டா, உன் வாயிலேருந்துதானடா’ என்று ஹேடனின் அப்பாவிடம் கேட்டேன். உன்னை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் உன்னிடம் கேட்க எனக்கு உரிமை இருக்கிறது. முதல் கிறிஸ்துமஸுக்கு எழுதும் வேலை என்றாய், அடுத்ததற்கு எடுக்கும் வேலை என்றாய், போன தடவை பெட்டியில் பரிசு மட்டும் வந்தது. நாங்களும் போனில் எல்லாம் நலம், எல்லாம் நலம் என்றே சொன்னோம். தூரத்திலிருந்து பார்க்கிற உனக்கு இந்த வீடு நிற்பது மட்டும்தான் தெரியும். கரின் நேற்றிலிருந்து என்னிடம் பேசவில்லை, சூப்பைத் தொடவில்லை, அடுத்த வியாழக்கிழமை எப்போது என்று ஒரு தடவை கேட்டாள். அவ்வளவுதான் பேச்சு. எனக்குப் பயமாக இருக்கிறது.

இந்த நாடகம் தொடங்கிய நாளிலிருந்து உனக்கு நான் போட்ட ஒரே கட்டளை, கதையை முன்கூட்டிச் சொல்லாதே என்பது. அதை இன்று நானே மீறுகிறேன். லூக்கஸ் வருவானா? எழுதி, எடுத்து, பெட்டிக்குள் வைத்துவிட்டீர்கள், இனி மாற்ற முடியாது, அது எனக்குத் தெரியும். வரமாட்டான் என்றால் வியாழக்கிழமைக்கு முன்னால் நீ வந்து கரின் பக்கத்தில் அந்த சோபாவில் உட்கார்ந்துகொள். வருவான் என்றாலும் வந்து உட்கார்ந்துகொள்.

விமர்சனத்தை முடிக்கவில்லையே. இந்த வாரப் பாகத்துக்குக் காபி ஆறித்தான் போயிருந்தது, அதை உனக்குத் தராமல் இருக்க முடியாது, நன்றாகவே எழுதியிருக்கிறாய். சர்ச்சில் ஊற்றி வைத்த கோப்பையும் அப்படியே ஆறிக் கிடந்ததாம், டோரிஸ் கழுவி வைத்தாள். அதை உன் கணக்கில் சேர்க்கவில்லை.

கடவுள் உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், உன் கால் வைக்கிற இடமெல்லாம் உறுதியாக இருக்கட்டும். உன் பழைய பூட்ஸை எடுத்துத் துடைத்து வாசலில் வைத்திருக்கிறேன், கரினுக்கு அளவு சரியாக இருந்தும் அது அக்காவுடையது என்று போட மறுக்கிறாள். விமான நிலையத்திலிருந்து வரும்போது ஏரிமேல் குறுக்கு வழியில் வண்டியை ஓட்டாதே, சுற்றிக்கொண்டு ரோடு வழியாகவே வா. கார் சாய்ந்துகொண்டு இன்னும் நிற்கிறது, யார் சொன்னாலும் அதை நம்பாதே.

உன் அம்மா,
மார்லிஸ்